மதுரையில் பெய்யும் மழை எங்கே போகிறது? நீர் சுழற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, ஆறாகி மறுபடி கடலுக்கே போகிறது என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்திருப்போம். அந்தப் படத்தில் மதுரை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதற்காகவே இந்தப் பதில்கள். மாணவர்களும், வீடு கட்டுபவர்களும், விவசாயிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நீர் சுழற்சியைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வெயில் பட்ட இடத்திலெல்லாம் நீர் ஆவியாகிறது. கடல், கண்மாய், ஈர மண், காயப்போட்ட துணி எதுவும் விலக்கில்லை. மரஞ்செடிகளும் இலைத்துளைகள் வழியே நீராவியை விடுகின்றன. மேலே போகும் நீராவி குளிர்ந்து, தூசியையோ கடலிலிருந்து கிளம்பிய உப்புத் துகளையோ பற்றிக்கொண்டு துளியாகிறது. துளிகள் சேர்ந்து கனத்ததும் மழை. விழுந்த மழை நான்காகப் பிரிகிறது: கொஞ்சம் அங்கேயே ஆவியாகும், கொஞ்சத்தை வேர் உறிஞ்சும், கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கி நிலத்தடி நீராகும், மீதி ஓடிவிடும். இந்த நான்கு பங்கும் எப்படிப் பிரிகின்றன என்பதில்தான் ஓர் ஊரின் தலையெழுத்து இருக்கிறது.

பூமியில் இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது ஏன் தட்டுப்பாடு?

மொத்த நீரில் சுமார் 97.5 சதவீதம் உப்பு நீர். மீதி 2.5 சதவீத நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிப்பாறையாக உறைந்திருக்கிறது. ஏறத்தாழ 30 சதவீதம் நிலத்தடியில் இருக்கிறது. ஆறு, ஏரி, குளங்களில் கண்ணுக்குத் தெரிவது நன்னீரில் ஒரு சதவீதம்கூட இல்லை.

அளவைவிட முக்கியமானது தங்கும் காலம். காற்றில் நீராவி சராசரியாக 9 நாள்தான் தங்குகிறது. உலகம் முழுவதும் காற்றிலுள்ள நீராவி ஒரே நேரத்தில் மழையாகக் கொட்டினாலும் தரையில் சுமார் 25 மி.மீ. உயரம்தான் நிற்கும். ஆற்றில் விழுந்த நீர் சில வாரங்களில் போய்விடுகிறது. மண் ஈரமாகத் தங்கினால் ஓரிரு மாதம். நிலத்தடியில் இறங்கினால் ஆண்டுக்கணக்கு. ஆழத்தைப் பொறுத்து நூற்றாண்டுக்கணக்கும் ஆகும். உயிர்கள் பிழைத்திருப்பது இந்தத் தாமதத்தை நம்பித்தான். மதுரையில் கெட்டுப்போயிருப்பதும் இதுதான். மழை நின்றுபோகவில்லை, பெய்த மழை தங்கும் காலம் சுருங்கிவிட்டது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கும்.

தென்மேற்குப் பருவமழை கேரளாவில் கொட்டும்போது மதுரை ஏன் காய்கிறது?

அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தை மலையின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று மறுபடி சூடாகிறது. சூடான காற்றில் மேகம் கலையுமே தவிரத் திரளாது. ஆடிக்காற்று அம்மியை நகர்த்தும் என்கிறோம், ஆனால் அந்தக் காற்று மழையைக் கொண்டுவருவது அபூர்வம்.

நமக்கு முக்கியமானது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலிலிருந்து காற்று திரும்பி வீசும்போது, காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் ஈரத்தை உள்ளே தள்ளுகின்றன. மதுரையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ.; இதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்வதுதான். சித்திரை, வைகாசியில் நாள் முழுக்கக் கொளுத்திவிட்டு மாலையில் இடியோடு கொட்டுவது வேறு வகை. தரை சூட்டில் மேலெழும் காற்று கடல் காற்றோடு சேர்ந்து ஓர் இடத்தில் மேகத்தைத் திரட்டுவதால் அது வருகிறது. திருமங்கலத்தில் கொட்டும், மேலூரில் சொட்டு விழாது.

முல்லைப் பெரியாறு நீர் சுழற்சியை மாற்றிவிட்டது என்கிறார்களே?

உண்மைதான். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்க வேண்டிய ஆறு. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி 1895இல் முடித்த அணை அந்த நீரை நிறுத்தி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பியது. அது கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேர்ந்து, 1959 முதல் வைகை அணையில் தேங்கி வருகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம் விளைவது இந்த நீரால்தான். மதுரையில் மழை இல்லாத ஆடி மாதத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால், அது மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையின் சொந்த வரத்து மட்டும் இருந்திருந்தால் இந்த வட்டாரத்தின் நெல் விளைச்சல் பாதிக்குப் பாதி குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

கண்மாய்க்கும் நீர் சுழற்சிக்கும் என்ன தொடர்பு?

ஓடிப்போகும் பங்கைப் பிடித்து, இறங்கும் பங்காக மாற்றுவது கண்மாய். இந்தப் பக்கத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டு, மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்படி படிக்கட்டு போலச் சங்கிலியாக வெட்டியிருக்கிறார்கள். நேராகப் போனால் ஓரிரு நாளில் கடலைத் தொடும் நீர், இப்படி ஒவ்வொரு கரையிலும் நின்று நின்று போகும்போது மாதக்கணக்கில் இங்கேயே இருக்கிறது.

ஒவ்வொரு உறுப்புக்கும் வேலை இருக்கிறது. வரத்துக்கால் நீரைக் கொண்டுவரும். உள்வாய் என்பது நீர் நிற்கும் பரப்பு. மடை வயலுக்கு விடும் வழி. கலுங்கு மிஞ்சியதை வெளியேற்றிக் கரையைக் காக்கும். கரைக்குக் கீழ்ப்புறக் கிணறுகளில் கண்மாய் நிறைந்த சில நாட்களில் ஊற்று பெருகுவதை எந்த ஊரிலும் பார்க்கலாம்; அதுதான் மண்ணுக்குள் நடக்கும் சுழற்சி.

பாறைக் குன்றுகளுக்கும் இதில் பங்குண்டு. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள் இருப்பதாக அரசின் அறிவிப்பு கூறுகிறது. மொட்டைப் பாறை ஒரு சொட்டையும் குடிக்காமல் அப்படியே வழியவிடுகிறது. இடுக்குகளில் இறங்கியது சுனையாகக் கசிகிறது, வழிந்தது அடிவாரத்தில் ஏரியாகிறது. குன்றை உடைத்தால் கல் மட்டும் போவதில்லை, அந்த ஏரிகளின் வரத்தும் போகிறது.

அப்படியானால் கண்மாயைத் தூர்வாரிவிட்டால் போதுமே?

போதாது. முதலில் வரத்துக்காலைச் சரிசெய்ய வேண்டும். உள்வாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் வரத்துக்காலில் வீடோ ரோடோ குறுக்கே நின்றால் தண்ணீர் வராது. தூர்வாரும்போது நடக்கும் தவறுகள் மூன்று. கரையை ஒட்டித் தோண்டுவது முதலாவது: கரையின் அடிமண் தளர்ந்து வெள்ளத்தில் உடையும். மடையின் தளமட்டத்துக்குக் கீழே பெரும்பள்ளம் எடுப்பது இரண்டாவது: அந்தப் பள்ளத்து நீர் மடை வழியே வயலுக்கு ஏறாது. ஊற்றுக்கும் ஆடுமாடுகளுக்கும் மீன்களுக்கும் ஆங்காங்கே ஒரு பள்ளம் நல்லது. உள்வாய் முழுவதும் அப்படிச் செய்தால் பாசனம் கெடும். மூன்றாவது, எடுத்த மண்ணைக் கரையின் உள்சரிவிலேயே கொட்டுவது: அடுத்த மழைக்கு அது திரும்பி வந்துவிடும்.

அடியில் படிந்த வண்டலும் கரம்பையும் வயலுக்கு நல்ல உரம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று விவசாயிகள் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். வண்டல் அகன்ற இடத்தில் நீர் இறங்குவதும் வேகமாகும்.

உயிர்களுக்கு இந்தச் சுழற்சி எப்படி உதவுகிறது? தண்ணீர் தேவை என்பதைத் தாண்டி ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன், செடிகள் ஒளிச்சேர்க்கையில் நீரைப் பிளப்பதால் வெளிவருவது. மண்ணிலுள்ள சத்து வேருக்குள் போவது நீரில் கரைந்துதான். வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இலை வழியே ஆவியாகிவிடுகிறது. அந்த இழுவைதான் பனைமரத்தின் உச்சி வரை நீரை ஏற்றுகிறது. அதே நேரம் இலையும் குளிர்கிறது.

நீர் அதிகமானாலும் கெடுதிதான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி வடிகால் நன்றாக இருக்கும் செம்மண்ணில் செழிக்கும். பாத்தியில் சில நாள் தண்ணீர் கட்டினாலே மண்ணிடுக்கில் இருந்த காற்று வெளியேறி, வேர் மூச்சுத் திணறி அழுகி, இலை மஞ்சளாகும். பெய்வதும் வடிவதும் சேர்ந்தால்தான் சுழற்சி.

சுழற்சியின் தாளத்துக்கு ஏற்பத் தங்கள் வாழ்க்கையையே அமைத்துக்கொண்ட உயிர்களைக் கண்மாயில் பார்க்கலாம். கோடையில் சேறு காயத் தொடங்கும்போது கண்மாய் நத்தை மண்ணுக்குள் இறங்கி, ஓட்டின் வாயை மூடியால் இறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். மழை வந்து மண் நனைந்ததும் மூடி திறக்கும். அந்த நத்தையைக் குத்தி எடுப்பதற்கென்றே இடைவெளியுள்ள அலகோடு நத்தைக்குத்தி நாரை வருகிறது. சாமநத்தம், வண்டியூர் கண்மாய்களில் மார்கழி, தை மாதங்களில் காலையில் போனால் பார்க்கலாம். விரால் காற்றையும் சுவாசிக்கக் கூடியது என்பதால் ஆழம் குறைந்த கலங்கல் நீரிலும் தாக்குப்பிடிக்கும். தவளைகள் முதல் பெருமழையில் கத்திக் கூப்பிட்டு முட்டையிடும். தலைப்பிரட்டை காலூன்றும் வரை நீர் நிற்காவிட்டால் அந்த ஆண்டுத் தலைமுறை அப்படியே போய்விடும். தவளையும் தும்பியும் குறைந்த இடத்தில் கொசு கூடும். கண்மாயில் நீர் எத்தனை வாரம் நிற்கிறது என்பது பாசனக் கணக்கு மட்டுமல்ல.

மனித உடலுக்கு?

வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துப் போகிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியில் நாம் உயிரோடு வேலை செய்வது இதனால்தான். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அதனால் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் புழுக்கம் ஆளைத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட நாளில் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடியுங்கள்.

அணையிலும் கண்மாயிலும் ஆவியாவதைத் தடுக்க முடியாதா?

கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து இங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மி.மீ. ஆவியாகும். ஒரு ஏக்கர் பரப்பில் அது 28,000 லிட்டர். நூறு நாளில் இரண்டடிக்கு மேல் உயரம் குறையும். தூர்ந்துபோய் நாலடி ஆழமே மிஞ்சிய கண்மாயில் பாதி நீரை வெயிலே குடித்துவிடும்.

2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். காற்றில் அவை கரை ஒதுங்கின. பெரிய நீர்ப்பரப்பில் காற்றும் அலையும் எவ்வளவு விசையோடு தள்ளும் என்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால் எந்த மூடாக்கும் நிற்காது. நங்கூரமிட்ட மிதவைகள், கனமான பந்துகள் சிறிய குடிநீர்த் தேக்கங்களில் பயன் தரும். கண்மாய்க்கு நடைமுறையில் ஒத்துவருவது வேறு: அகலத்தைவிட ஆழத்தில் தேக்குவது, காற்று வரும் திசையில் கரையோரம் மரம் வளர்ப்பது, எல்லாவற்றையும்விட முக்கியமாக முடிந்தவரை நீரை நிலத்துக்குள் இறக்கிவிடுவது. பத்தடி மண்ணுக்குக் கீழே வெயில் எட்டாது.

மரம் நட்டால் மழை வருமா?

தெருவில் பத்து மரம் நட்டால் மழை வராது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது போன்ற பெருங்காடு காற்றுக்கு ஈரம் சேர்க்கும் என்பது உண்மை. ஊர் மரங்கள் செய்யும் வேலை அதைவிட நேரடியானது. மழைத்துளி மண்ணை அடித்து மூடாமல் இலை தாங்கும். வேர்ப்பாதையில் நீர் இறங்கும். சருகு ஈரம் காக்கும். ஆனால் மரமும் நீர் குடிக்கும், பெரிய மரம் வெயில் நாளில் 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆகவே ஊற்றுக்கு மேலே தைலமரம் வைப்பதும், கண்மாய் உள்வாயைச் சீமைக்கருவேலத்துக்கு விட்டுவிடுவதும் தவறு. வேம்பு, புங்கன், மருது, கரையில் பனை போன்றவை பொருந்தும்.

போர் (ஆழ்துளைக் கிணறு) ஏன் 700, 800 அடிக்குப் போகிறது? தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது?

மதுரையின் அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறை. மேலே சில பத்தடிகளுக்குச் சிதைந்த பாறை. அதற்குக் கீழே விரிசல்களில் மட்டும் நீர். ஆற்று மணல் ஒரு கன மீட்டரில் 250 லிட்டர் வரை கொடுக்கும். கெட்டிப் பாறை அதில் சிறு பங்குகூடத் தராது. வைகை மணலை அள்ளியபோது இழந்தது அந்தச் சேமிப்புப் பெட்டியைத்தான். ஆழமாகப் போகப் போக நாம் எடுப்பது பழைய நீர். ஒரு மழைக்காலத்தில் அது நிரம்பாது.

உப்புக்குக் காரணம் எளிது. நீர் மட்டும் ஆவியாகும், உப்பு தங்கும். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரை ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர் போகும். அதில் ஏறத்தாழ 400 கிலோ உப்பு வயலில் இறங்குகிறது. நல்ல மழை பெய்து அதைக் கழுவி இறக்காவிட்டால் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கும், முளை கருகும். குடிக்கும் நீரில் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள்ளும் இருப்பது நல்லது. ஃபுளோரைடு ருசியில் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. புது போர் போட்டால் பரிசோதனை செய்யாமல் குடிக்காதீர்கள்.

வீட்டில் மழைநீரை எப்படிச் சேகரிப்பது? 2003இல் போட்ட தொட்டி வேலை செய்வதாகவே தெரியவில்லையே?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 850 மி.மீ. என்றால் 79,000 லிட்டர். சேதாரம் போக 63,000 கிடைக்கும். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாலு பேருக்கு ஏறத்தாழ நாலு மாதத் தண்ணீர்.

2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசரத்தில் கட்டிய பல குழிகள் இப்போது அடைத்துக் கிடக்கின்றன. மூன்றடி விட்டம், பத்தடி ஆழ உறைக்குழியின் கொள்ளளவு 2,000 லிட்டர். அதை அடி முதல் மேல் வரை கல்லால் நிரப்பினால் கல்லிடுக்கில் நிற்பது 800 லிட்டர்தான். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை வந்தால் மாடியிலிருந்து இறங்குவது 4,600 லிட்டருக்கு மேல். குழி வழிந்து தெருவுக்குத்தான் போகும். குழியை வெறுமையாக விட்டு, வடிகட்டியைத் தனியாக வெளியே வையுங்கள்.

மாடியிலிருந்து இரண்டு 4 அங்குலக் குழாய்கள் வேண்டும், ஒன்று போதாது. குழாய் அடியில் ஒரு வால்வு வைத்துப் பருவத்தின் முதல் மழையை வெளியே விடுங்கள். தூசியும் பறவை எச்சமும் அதில் போய்விடும். அடுத்து வடிகட்டித் தொட்டி: அடியில் கூழாங்கல், நடுவில் ஜல்லி, மேலே ஆற்று மணல், ஒவ்வொன்றும் அரையடி, மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே நைலான் வலை. பிறகு உறைக்குழி, அடியில் கான்கிரீட் போடக் கூடாது. அஸ்திவாரத்திலிருந்து ஐந்தடியாவது தள்ளியும், செப்டிக் டேங்கிலிருந்து ஐம்பதடி தள்ளியும் இருக்க வேண்டும். கரிசல் மண்ணாக இருந்தால் நனைந்ததும் உப்பி நீரை இறங்க விடாது; குழிக்குள் 6 அங்குலத் துளை போட்டுச் சிதைந்த பாறை வரை இறக்க வேண்டும். வடிகட்டாத மாடித் தண்ணீரை நேராகப் போரில் விடவே கூடாது. வண்டல் விரிசலை அடைத்துவிட்டால் அந்தப் போர் போனதுதான். புரட்டாசியில் மேல் மணலை ஒருமுறை அலசிப் போட்டால் போதும்.

ஒரே மழையில் வெள்ளம், மாசியில் தண்ணீர் லாரி. இது ஏன்?

இரண்டும் ஒரே காரணத்தால். மண் மூடப்பட்டதால் இறங்க வேண்டிய நீர் ஓடுகிறது. ஓடும் வழியும் குறுகிவிட்டது. 2024 அக்டோபரில் பெய்த கனமழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் நீர் புகுந்ததும் அப்படித்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், குறைந்த நேரத்தில் கொட்டும் மழை இனி கூடத்தான் செய்யும். வாசலில் சிமென்ட் போடுவதைக் குறைப்பதும், வாய்க்காலில் குப்பை கொட்டாமல் இருப்பதும் சின்ன விஷயங்களல்ல.

கடலில் கலக்கும் நீர் வீணா?

இல்லை. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிஞ்சினால் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடுகிறது. அந்த நன்னீரும் வண்டலும் முகத்துவார மீன்களுக்கு உணவு. கடலோர நிலத்தடியில் உப்பு நீர் ஏறாமலும் அது தள்ளி நிறுத்துகிறது.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்து காட்ட முடியுமா?

அகலமான பேசினில் ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளர். மிதக்காதபடி உள்ளே ஒரு கல். மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை மூடி ஓரத்தைக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். டம்ளருக்கு நேர் மேலே தாளின் மீது ஒரு கூழாங்கல் வைத்தால் தாள் சரியும். காலை 9 மணிக்கு மாடி வெயிலில் வைத்து 3 மணிக்குப் பாருங்கள். டம்ளரில் சில கரண்டி நீர் இருக்கும். நிறமும் இருக்காது, உப்பும் இருக்காது.

நீர் சேரவில்லை என்றால், தாள் ஓரத்தில் நீராவி தப்புகிறது, அல்லது சரிவு போதாமல் துளிகள் தாளிலேயே ஒட்டி நிற்கின்றன. உச்சி வெயிலில் தாளும் சூடேறித் துளி கட்டாமல் போவதும் உண்டு. அப்போது தாளின் மேல் கொஞ்சம் குளிர்ந்த நீர் ஊற்றினால் உடனே உள்பக்கம் முத்து முத்தாகக் கட்டும். மேகத்தில் நடப்பதும் இதுவே.

மழையளவை வீட்டில் சரியாக அளப்பது எப்படி?

அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேரான பக்கமுடைய பாத்திரம் வேண்டும். சரிந்த பக்கமுள்ள வாளி தவறான அளவு காட்டும். சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரு மடங்காவது தள்ளித் திறந்த வெளியில் வையுங்கள். தரையில் தெறிக்கும் நீர் உள்ளே விழாதபடி ஓரடி உயர்த்தி வைப்பது நல்லது. தினமும் காலை 8.30 மணிக்கு மி.மீ. அளவுகோலால் அளந்து கொட்டிவிடுங்கள். வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுவே என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேதி, மழையளவு, பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டம் மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி வாருங்கள். எத்தனை மி.மீ. பெய்தால் உங்கள் கிணற்றில் ஊற்று ஏறுகிறது, எத்தனை நாள் கழித்து ஏறுகிறது என்பது இரண்டு பருவத்தில் பிடிபட்டுவிடும்.